லேபிள் இல்லாத ஜாடி

இரண்டு வருடங்களுக்கு முன், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், கொல்லிமலையில் நடந்தது இது. அங்கே ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். மலைக்கு மாற்றல் என்றால் எல்லோரும் முகம் சுளிப்பார்கள். நானோ சந்தோஷமாகப் போனேன். காரணம், எனக்குக் கோதுமை ஆகாது. கோதுமையிலும் பார்லியிலும் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் கொஞ்சம் உள்ளே போனாலும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் என்னைப் படுக்கவைத்துவிடும். மலையில் சாமையும் ராகியும் தாராளம். சாப்பாட்டுக்குக் கவலையில்லை, மனிதர்களைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. “ஒரே ஒரு சப்பாத்தி தின்னா என்னங்க ஆயிரும்?” என்று கேட்காத ஆளில்லை. பதில் சொல்லியே அலுத்துப்போயிருந்தேன்.

மலையிலேயே வளப்பூர் நாடு என்கிற ஊர்ப்பகுதியில் குடியிருந்த அலுவலக நண்பர் மதிய விருந்துக்குக் கூப்பிட்டார். அவர் மனைவி எனக்காகவே பார்த்துப் பார்த்துச் சமைத்திருந்தார். சாப்பாட்டுக்கு முன்னால் நண்பர் ஒரு பாட்டிலை எடுத்து வைத்தார். மச்சான் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த, காபி வாசனை அடிக்கும் இனிப்பு மது.

நான் சும்மா விடுவேனா? எந்தத் தானியத்தில் காய்ச்சினார்களோ! லேபிளில் எல்லாம் பொடி எழுத்து. போனில் தேடலாம் என்றால் சிக்னல் இல்லை. மொட்டை மாடிக்கு ஏறிக் கொஞ்சம் சிக்னல் பிடித்தேன். கோதுமையில் காய்ச்சினாலும் வடித்தெடுக்கும்போது குளூட்டன் கூட வராது, பயப்படாதே என்றது ஓர் இணையப் பக்கம். வடித்த பிறகு சேர்க்கிற க்ரீமிலும் பார்லி மால்ட்டிலும் இருக்கலாம், ஜாக்கிரதை என்றது இன்னொரு பக்கம். முக்கால் மணி நேரம் போயிற்று. கீழே சோறு ஆறிக்கொண்டிருந்தது.

“குடிக்கறதுன்னா குடிங்க, இல்லீன்னா உடுங்க. பரீட்சையா எழுதறீங்க?” என்று நண்பர் கத்தினார்.

எரிச்சலோடு இறங்கி வந்து, வேண்டவே வேண்டாம் என்று பாட்டிலைத் தள்ளி வைத்தேன். அவர் மனைவி, பாவம், நான் வெறும் தொண்டையோடு உட்கார்ந்திருக்கிறேனே என்று, வீட்டில் போட்ட ஒயினைப் பீங்கான் ஜாடியிலிருந்து ஊற்றிக் கொடுத்தார். திராட்சையும் சர்க்கரையும்தானே! இரண்டு டம்ளர் குடித்தேன்.

மாலை பஸ்ஸில், கீழே இருக்கும் என் சொந்த ஊருக்குக் கிளம்பினேன். இறக்கத்தில் கொண்டை ஊசி வளைவுகள் எழுபது. பத்தாவது வளைவிலேயே வாந்தி ஆரம்பித்தது. கண்டக்டர் எனக்காக மூன்று தடவை பஸ்ஸை நிறுத்தினார். மூன்றாம் தடவை ஏறும்போது, “சரக்குங்களா?” என்றார்.

“இல்லீங்க, எதுலயோ கோதுமை கலந்திருக்குது.”

“கோதுமையிலயுமா இப்ப போதை ஏறுது?”

பஸ்ஸே சிரித்தது. பக்கத்தில் மிளகு மூட்டையோடு இருந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஜன்னலோர இடத்தை எனக்குக் கொடுத்து, “குடிக்காம இருந்திருக்கோணும் சாமி. இந்தா, வாயக் கொப்புளி” என்று தண்ணீரை நீட்டினார். மலை இறங்கும்வரை என் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தார். விளக்கம் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

மூன்று நாள் படுக்கை. நண்பருக்குப் போன் செய்து, குழம்பில் என்ன போட்டீர்கள் என்று சத்தம் போட்டேன். அவர் மனைவி போனை வாங்கினார்.

“குழம்புல ஒண்ணும் இல்லீங்க. ஒயின் நல்லா நொதிக்கட்டும்னு ரெண்டு கை கோதுமை போட்டனுங்க. எங்கம்மா அப்பிடித்தானுங்க போடுவாங்க. வடிகட்டிட்டா ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சுட்டனுங்க. ஏனுங்க, அந்தப் பாட்டலுக்கு அத்தன நேரம் மாடியில நின்னீங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

குரல் உடைந்திருந்தது.

சப்பாத்தி தின்னச் சொல்கிறவர்கள் மீது எனக்கு இன்னும் கோபம் வரத்தான் செய்கிறது. ஆனால் என் பேச்சை யாருமே காதில் வாங்குவதில்லை என்று வருஷக்கணக்காகப் புலம்பிய நான், எதிரே நின்று பரிமாறியவரிடம் ஒரு வார்த்தை பேசாமல் மாடியில் போய் சிக்னல் தேடினேனே, அந்த நினைப்புதான் இன்றைக்கும் என்னைக் குத்துகிறது.