எட்டுப் படங்களில் செத்தவர்

கல்யாணமாகி மூன்றாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் கணவர் தேயிலைத் தோட்டத்து லயத்தில், எங்கள் வீட்டு வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செத்து விழுந்தார். துருவிக்கொண்டிருந்த தேங்காயைப் போட்டுவிட்டு ஓடினேன். முகத்தில் தெளிக்கத் தண்ணீர்ச் செம்பைத் தூக்கியபோது ஒரு கண்ணை மட்டும் திறந்து, "எப்புடி விழுந்தேன் புள்ள? நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார். செம்புத் தண்ணீர் முழுவதையும் அவர் தலையில் கொட்டிவிட்டு உள்ளே போனேன். அடுத்த வாரம் ஒரு கௌபாய் படத்தில் சுடுபட்டு விழப்போகிறாராம், அதற்காகப் பழகிப் பார்த்தாராம். அவர் படத்தில் நடிக்கிறார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பெண் கேட்டு வந்தவர்கள் மாப்பிள்ளைக்குக் குதிரை வேலை என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்கள்.

குதிரை வேலை என்பது பொய்யில்லை. நுவரெலியா பந்தயத் திடலில் குதிரைகளுக்குத் தீனி வைப்பது, குளிப்பாட்டுவது, காலையில் ஓட்டிப் பழக்குவது எல்லாம் அவர் பொறுப்பு. சித்திரை மாதப் பந்தயங்கள் முடிந்துவிட்டால் வாவிக்கரையில் மட்டக்குதிரையோடு நிற்பார். கொழும்பிலிருந்து வருகிறவர்களை ஏற்றி ஒரு சுற்று நடத்திக் கூட்டி வருவார். நான் கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்தேன். கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் தங்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் இடம் அது. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன். அவர் காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் வருவார். அவர் ஏறி உட்கார்ந்தால் பக்கத்து சீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள், அவ்வளவு குதிரை வாடை.

கொழும்பில் இருந்த ஓர் இயக்குநர் அந்தக் காலத்தில் சிங்களத்தில் கௌபாய் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தார். எல்லாம் கையைக் கடிக்காத செலவில் எடுக்கும் படங்கள். தியேட்டருக்குப் போனவை இரண்டோ மூன்றோ, மற்றவை நேரே சீடியாகக் கடைக்கு வந்தன. அமெரிக்காவுக்குப் பதிலாக எங்கள் மலைப்பக்கத்துப் புல்வெளிகளைக் காட்டிவிடலாம் என்பது அவர் கணக்கு. குதிரை வாடகைக்குக் கேட்டு அவர் திடலுக்கு வந்த நாளில், கதாநாயகன் குதிரையில் ஏறப் பயந்து நின்றாராம். என் கணவர் அவருடைய தொப்பியை வாங்கிப் போட்டுக்கொண்டு ஏறி ஓட்டிக் காட்டியிருக்கிறார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஓடுகிற குதிரையிலிருந்து விழுந்தும் காட்டியிருக்கிறார். அன்றிலிருந்து அவர் கொள்ளைக் கூட்டத்தில் ஓர் ஆள். எந்தப் படமாக இருந்தாலும் முதல் பாதிக்குள் சுடுபட்டு விழுந்துவிடுவார்.

அந்தப் படங்களைக் கங்காணி வீட்டில் போட்டுப் பார்த்து நாங்கள் சிரித்த சிரிப்பு கொஞ்சநஞ்சமல்ல. பாலைவனம் என்று சொல்லும்போதே பின்னால் பனி இறங்கி வரும். ஒரு படத்தில் இரண்டு பேர் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு முறைத்து நிற்க, தூரத்து மலையில் எங்கள் பெண்கள் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு நிரையாகப் போவார்கள். அந்த இடம் வந்ததும் லயமே கைதட்டும். என் கணவருக்கு மட்டும் ஒரு குறை இருந்தது. ஒரு படத்தில்கூட அவருக்குப் பேச்சு கிடையாது. சிங்களம் தண்ணீர் மாதிரிப் பேசுவார், ஆனால் நம் இழுவை இருக்கும். "இந்த ஆள் வாயைத் திறந்தால் டெக்சாஸ் போய் கந்தப்பளை வந்துவிடும்" என்று இயக்குநர் சொன்னதை அவரே என்னிடம் சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது.

எட்டாவது படத்தில்தான் வினை வந்தது. அதில் அவரைச் சுட்டுக் கொன்று, பெட்டியில் வைத்துப் புதைக்கிற காட்சி. பலகையில் அடித்த எளிய பெட்டி வேண்டும் என்று இயக்குநர் கேட்க, இவர் முந்திக்கொண்டு எங்கள் தோட்டத்து பாஸிடம் சொல்லிச் செய்து தருகிறேன் என்றிருக்கிறார். பாஸ் என்றால் மரவேலைக்காரர். தோட்டத்தில் யார் இறந்தாலும் பெட்டி அடிப்பவர் அவர்தான். இவர் தன் உயரத்தையும் தோள் அகலத்தையும் அளந்து கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். சாவுப் பேச்சு எடுத்தால் நான் சத்தம் போடுவேன் என்று என்னிடம் மூச்சு விடவில்லை.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரே நாளில் இரண்டு சாவு விழுந்து பெட்டி மாறிவிடக் கூடாது என்பதற்காக, பெட்டி அடித்து முடித்ததும் அதன் பக்கவாட்டில் இறந்தவர் பெயரை சோக்குக் கட்டியால் எழுதிவிடுவார் பாஸ். யாராவது நுவரெலியா ஆஸ்பத்திரியில் இறந்தால், பெயர் எழுதிய பெட்டியை லொறியில் ஏற்றி அனுப்பி, அதில் பிணத்தை வைத்துக் கொண்டுவருவார்கள். பெட்டி கீழே போவதைப் பார்த்தாலே மலையில் வேலை நின்றுவிடும். மீதி நாள் இழவுக்கு உரியது, தோட்டத்தை நடத்தும் துரையும் ஒன்றும் சொல்ல மாட்டார். முப்பது வருஷமாகப் பெட்டி அடித்த கை அது. இவருக்கு அடித்த பெட்டியிலும் பழக்க தோஷத்தில் இவர் பெயரை எழுதிவிட்டது. கொழும்பு லொறி வந்தது. பெட்டியை ஏற்றிக்கொண்டு, ஆணி சரிபார்க்க பாஸும் முன்னால் ஏறிப் போய்விட்டார். என் கணவர் விடியற்காலையிலேயே படப்பிடிப்புக்குப் போயிருந்தார். லொறி ஆறாம் நம்பர் மலை ஓரமாகப் போனபோது கொழுந்து எடுத்த பெண்கள் பெயரைப் படித்தார்கள்.

பத்து மணி இருக்கும். நான் பிள்ளைகளுக்குத் திரிபோஷ சத்துமா உருண்டை ஊட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது, என் மடியில் இருந்தாள். பெண்கள் கூட்டமாக வந்து வாசலில் நின்றார்கள். கங்காணியின் மனைவி வந்து பிள்ளையை என் மடியிலிருந்து தூக்கிக்கொண்டாள். "என்னக்கா?" என்றேன். "வா தாயி, வீட்டுக்குப் போவோம்" என்றாள். எனக்கு விளங்கிவிட்டது. குதிரை உதைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பாதி வழியில் தப்புச் சத்தம் கேட்டது. லயத்துக்கு வந்தபோது வாசலில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டிருந்தார்கள். கதவு நிலையில் கையை அடித்துக்கொண்டு அழுததில் இரண்டு கை வளையலும் நொறுங்கிப் போயின. யாரும் தடுக்கவில்லை. எப்படியும் உடைக்க வேண்டியவைதானே என்று விட்டிருப்பார்கள்.

மூன்று மணி பஸ்ஸில் அவரும் பாஸும் வந்து இறங்கியிருக்கிறார்கள். ரோட்டோரம் நெடுக வெள்ளைக் கொடி. யாரோ நம் லயத்து ஆள்தான் என்று பதறிக்கொண்டு, கன்னத்தில் பூசிய சிவப்பு மையைக்கூடத் துடைக்காமல் ஓட்டமும் நடையுமாக வந்திருக்கிறார். கூட்டத்தின் பின்னால் நின்று, தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தப்படித்தவரிடம் மெதுவாகக் கேட்டார்.

"தவறுனது யாருண்ணே?"

தப்படித்தவர் திரும்பிப் பார்த்தார். "நீதாம்ப்பா" என்றார்.

அடுத்து நடந்ததைத் தோட்டத்தில் இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். பாஸ் தேயிலைக்குள் இறங்கி ஓடினார், இரண்டு நாள் கண்ணில் படவில்லை. பெட்டியிலிருந்த தமிழ் எழுத்தை அங்கே படப்பிடிப்பில் இயக்குநர் ஈரத்துணியால் துடைக்க வைத்தாராம். அமெரிக்கக்காரன் பெட்டியில் இது எப்படி வந்தது என்று கேட்டாராம். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்து மணி நேரம் நான் விதவையாக இருந்திருக்கிறேன். அந்த ஐந்து மணி நேரத்தில் பிள்ளையை எப்படி வளர்ப்பது, எந்த அண்ணன் வீட்டுக்குப் போவது என்றுகூட யோசித்து முடித்திருந்தேன். அந்த யோசனை எனக்கு வந்ததை நினைத்தால் அவர் மேல் கோபமாகவும் என் மேல் வெட்கமாகவும் இருந்தது.

இழவு தொடங்கிய வீடு, வளையலும் உடைந்துவிட்டது, அதனால் மாரியம்மன் கோயிலில் வைத்துத் திரும்பத் தாலி கட்ட வேண்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். வெள்ளிக்கிழமை போனோம். அவர் தாலிக்கயிற்றை எடுத்து நீட்டியபோது நான் தலையைக் குனியவில்லை.

"இனிமே படத்துலயும் சாக மாட்டேன்னு சொல்லுங்க. சொன்னாத்தான் கழுத்த நீட்டுவேன்."

"ஊரே பாக்குது புள்ள."

"பாக்கட்டும்."

பூசாரி மணியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். "சரி, சாக மாட்டேன். ஆத்தா மேல ஆணை" என்றார் அவர். அதன்பிறகுதான் குனிந்தேன்.

நல்ல நேரம் என்று நினைத்தோம். அடுத்த படத்துக்கு இயக்குநர் அவரைக் கூப்பிட்டு, குதிரை லாயக்காரன் வேஷம் தந்தார். கடைசி வரை உயிரோடு இருக்கிற ஆள், ஏழு இடத்தில் பேச்சு. அவருடைய சொந்தக் குரலே இருக்கட்டும் என்றும் சொல்லியிருந்தார். இதைச் சொல்ல என் கணவர் வீட்டுக்குள் வந்த வேகத்தில் கதவு நிலையில் தலையை இடித்துக்கொண்டார். ஒரு மாதம் எங்கள் வீட்டில் வேறு பேச்சில்லை. நான் ரொட்டி தட்டும்போது அடுப்புப் பக்கத்தில் குந்தியிருந்து ஏழு வசனத்தையும் சொல்லிக் காட்டுவார். நான் சிங்களத்தில் அவரைவிடக் கெட்டி, இழுக்கிற இடத்திலெல்லாம் திருத்துவேன். எனக்கும் ஏழும் மனப்பாடமாகிவிட்டன.

படம் சீடியாக வந்தபோது பக்கத்து வீட்டுப் பெண்தான் ஹட்டனில் அவள் அக்கா வீட்டில் முதலில் பார்த்தாள். வந்து என்னிடம், "அண்ணன் நல்லா பேசியிருக்காரு. ஆனா அவரையும் சுட்டுட்டாங்க, அதுக்கப்புறம் ஆளையே காணோம்" என்றாள். அன்று மாலை அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டேன். படப்பிடிப்பின் நடுவில் கதையை மாற்றிவிட்டார்கள் என்றார். "ஆனா நான் சாகல புள்ள. வந்து பாரு, தெரியும்" என்றார். சுட்டார்களா இல்லையா என்று கேட்டேன். சுட்டார்கள் என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. ஆத்தா முன்னால் கொடுத்த வாக்கை ஏழு வசனத்துக்காக விற்றுவிட்டார் என்று முடிவு கட்டிவிட்டேன். அந்தப் படத்தைப் பார்க்கவே மாட்டேன் என்று சொன்னேன். நான் ஒன்றைச் சொல்லிவிட்டால் சொன்னதுதான், அது என் பிறவிக்குணம்.

அதற்குப் பிறகு அவருக்குப் படம் வரவில்லை. இப்போதெல்லாம் யாரும் கௌபாய் படம் எடுப்பதில்லை என்றார், நானும் நம்பினேன். குதிரையோடே இருந்தார். மகளைப் படிக்க வைத்தோம், அவள் கொழும்பில் வேலைக்குப் போனாள். போன வருஷம் சர்க்கரை முற்றி, இதயமும் பழுதாகி, நுவரெலியா ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்து இறந்தார். இப்போது பெட்டி மலர்ச்சாலை என்கிற சவப்பெட்டிக் கடையிலிருந்து பளபளப்பாக வருகிறது. அதில் பெயர் எழுதுவாரில்லை.

அடக்கத்துக்கு வெள்ளை உடுத்திய ஒரு வயதான சிங்கள மனிதர் கைத்தடியோடு வந்தார். அந்த இயக்குநர்தான் என்று மகள் சொன்னாள். என் முன்னால் நின்று கையைக் கூப்பி, சிங்களத்தில் பேசினார். "நல்ல மனிதர். கடைசிப் படத்தில் மட்டும் என் பேச்சைக் கேட்கவில்லை. ஒரே காட்சியை நான்கு தரம் எடுத்தேன், நான்கு தரமும் மறுத்துவிட்டார். வெளிச்சமும் போய்விட்டது. கோபத்தில் இனி வராதே என்று சொல்லிவிட்டேன். அது தப்பு" என்றார். எந்தக் காட்சி என்று கேட்க அப்போது எனக்குத் தெம்பில்லை.

முப்பதாம் நாள் முடிந்தபின், அந்தக் கடைசிப் படத்தைப் பார்க்க வேண்டும் என்று மகளிடம் சொன்னேன். அவள் எங்கேயோ தேடிப் பிடித்து அந்தப் படத்தை என் போனுக்கு அனுப்பினாள். மத்தியானம், பிள்ளைகள் தொட்டில்களில் தூங்கிக்கொண்டிருந்த நேரம், பிள்ளைக்காம்பராவில் உட்கார்ந்து பார்த்தேன். தொப்பியும் தாடியுமாக வந்தார். வாயைத் திறந்ததும் கந்தப்பளைதான் வந்தது. ஒவ்வொரு வசனத்தையும் அவருக்கு முன்னால் நான் சொல்லிவிட்டேன். நான் திருத்திய இடத்தையெல்லாம் ஒழுங்காகத்தான் சொல்லியிருந்தார்.

ஏழாவது வசனம் முடிந்து குதிரையில் ஏறிப் போகும்போது பின்னாலிருந்து சுட்டார்கள். முதுகில் சிவப்பு பரவியது. உடம்பு இடது பக்கம் சரிந்தது. அவர் எப்படி விழுவார் என்று எனக்குத் தெரியும், சரிந்தால் விழுவதற்கு முன்னால் காலைச் சேண வளையத்திலிருந்து உருவிக்கொள்வார். நான் என்னை மறந்து, "விழுந்துறாதீங்க, கெட்டியா புடிச்சுக்குங்க" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அவர் காலை உருவவில்லை. குதிரையின் பிடரி மயிரைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, பாதி சரிந்த உடம்போடு, சவுக்கு மர வரிசைக்கு அப்பால் போய் மறைந்தார். அவ்வளவுதான். அதற்குமேல் படத்தில் அவரைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

சத்தத்தில் ஒரு பிள்ளை எழுந்து அழுதது. அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு திரும்பப் போட்டுப் பார்த்தேன். விழவில்லை. இன்னொரு முறையும் பார்த்தேன். எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக சீடி பிளேயர் வாங்கிய அன்று, இந்தப் படத்தைப் போட்டுவிட்டு அவர் என்னை இன்னொரு தரம் கூப்பிட்டது நினைவுக்கு வந்தது. "ஒரே ஒரு நிமிசம் வந்து பாத்துட்டுப் போ புள்ள" என்றார். அடுப்பில் பருப்பு இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.