எனக்கு இரண்டு, அவளுக்கு ஒன்று

எனக்கு ரத்தத்தில் இரண்டு புற்றுநோய்கள். ஒன்று வந்து சில வருஷத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் தொடக்கம் அது. நான் டீச்சராக இருந்த தென்காசியில் யாரிடம் சொன்னாலும் யோசனைதான் கிடைத்தது. முருங்கைக்கீரை சாப்பிடச் சொன்னார்கள், அருவியில் குளிக்கச் சொன்னார்கள். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. இந்த நோயோடு வாழும் ஒருத்தியிடம் கொஞ்ச நேரம் பேசினால் போதும் என்றிருந்தது.

குற்றாலத்தில் அப்படி ஒருத்தி இருப்பதாக ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னாள். பெயர் செல்லம்மாள். சாரல் சீசன் கூட்டத்தில் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். நான் யார், எதற்கு வந்தேன் என்று சொன்னதும் வாசலிலேயே அவள் கணவர் மறித்தார்.

"அவளுக்கு ரத்தசோகைன்னுதான் சொல்லி வச்சிருக்கேன் டீச்சர். நீங்க ஒண்ணும் பேசிராதீய."

இதற்கா வந்தேன் என்று எரிச்சலாக இருந்தது. உள்ளே உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசினோம். செல்லம்மாள் அவரைக் காபி வாங்கி வர அனுப்பினாள். அவர் தெருவில் இறங்கியதும் என் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு எல்லாம் தெரியும் டீச்சர். வாசல்ல நீங்க பேசுனதும் காதுல விழுந்துச்சு. தெரியும்னு சொன்னா அவுக ஒடிஞ்சு போவாக. ராத்திரி உங்களுக்கும் பாயெல்லாம் வேர்வையில நனையுதா?"

"தினமும் நனையுது. எனக்கு இந்த மாதிரி ரெண்டு இருக்கு."

"ரெண்டா? எனக்கு ஒண்ணையே தூக்க முடியல."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அதைக் கேட்டுப் பரிதாபப்படாத முதல் ஆள் அவள்தான்.

அதன்பிறகு அடிக்கடி போனேன். ஒவ்வொரு தடவையும் எதையாவது சொல்லி அவரை வெளியே அனுப்ப வேண்டியிருந்தது. நல்ல மனிதர்தான். ஆனாலும் அவர்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. மனைவி மேல் பிரியம் இருக்கிறது என்பதற்காக, அவள் வியாதியை அவளே ஒளித்துப் பேசும்படி வைக்கலாமா?