சன்னலில் முகம் காட்டிய பிறகு

"அண்ணே, வெளிய போங்கண்ணே!"

பிரசவ வார்டிலேயே காலம் தள்ளிய என்னை ஒரு கர்ப்பிணிப் பெண் இப்படி விரட்டியது கொரோனா சமயத்தில்தான். புதிதாக வேலைக்கு வரும் சிஸ்டர்கள் என்னிடம் அனுபவம் கேட்டால், நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தொற்று உள்ள கர்ப்பிணிகளுக்காக எங்கள் அரசு மருத்துவமனையின் பின்பக்கத்தில் ஓர் அறையை ஒதுக்கியிருந்தோம். இரண்டு கட்டில், ஒரு பிரசவ மேசை, வராந்தாவைப் பார்த்தபடி ஒரு கண்ணாடிச் சன்னல். உள்ளே போவதென்றால் தலை முதல் கால் வரை மூடும் பிபிஇ கிட் போட வேண்டும். அருப்புக்கோட்டை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு நிற்பதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் மற்றதைச் சொல்ல இடமிருக்காது.

அந்தப் பெண்ணின் பெயர் செல்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். திருச்சுழிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்திருந்தவள். டெஸ்டில் பாசிட்டிவ் என்று வந்ததும், வலியோடு 108-இல் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். ஆம்புலன்சில் வந்த இருவரும் ஆண்கள், இருவரும் வெள்ளைக் கிட்டில். அவளைக் கட்டிலில் விட்டுவிட்டு அவர்கள் போன கையோடு, அதே மாதிரி வெள்ளைக் கிட்டில் நான் உள்ளே போனேன்.

நான் கொஞ்சம் உயரம். குரலும் கரகரப்பு. போனில் பேசினால் பாதிப் பேர் "சார்" என்றுதான் கூப்பிடுவார்கள். போதாக்குறைக்கு இரண்டு மாஸ்க், மேலே ஃபேஸ் ஷீல்டு. மெதுவாகப் பேசினால் எனக்கே கேட்காது. அதனால் கத்தினேன்.

"நல்லா படும்மா! கால மடக்கு! செக் பண்ணணும்!"

அவள் சேலையை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டு சுவரோரம் ஒட்டிக்கொண்டாள். அப்போதுதான் அந்த "அண்ணே" வந்தது.

"நான் அண்ணன் இல்லம்மா, சிஸ்டரு!"

"பொய் சொல்றீக. நான் வீட்டுக்கே போறேன். எங்கம்மா பாத்துக்கிடும்."

சொன்னபடியே கட்டிலை விட்டு இறங்கிவிட்டாள். வலி அடுக்கடுக்காக வந்துகொண்டிருந்தது. குழந்தையின் துடிப்பை இன்னும் பார்க்கவில்லை, கர்ப்பவாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்றும் தெரியாது. இவள் வெளியே போனால் வழியிலேயே பிரசவம் ஆகிவிடும். தாய்க்கும் பிள்ளைக்கும் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது.

அதற்குள் செல்வியின் தம்பி வண்டியில் பின்னாலேயே வந்திருந்த அவள் அம்மா சன்னலுக்கு வந்துவிட்டார். மகளின் அழுகையைக் கேட்டதும் கண்ணாடியைப் படபடவென்று தட்டினார்.

"ஏய்யா, ஒமக்கு அக்கா தங்கச்சி இல்லையா? பொம்பள நர்சு ஒருத்தர்கூடவா இல்ல இந்த ஆசுபத்திரியில?"

அம்மாவும் என்னை ஆண் என்றே முடிவு கட்டிவிட்டார்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் யாரைக் கோபிப்பது? முகமே தெரியாமல் மூடிக்கொண்டு வந்து, காலை மடக்கு என்றால் எந்தப் பெண் மடக்குவாள்?

டாக்டரம்மா முன்பக்க லேபர் வார்டில் ஒரு சிக்கலான கேஸில் இருந்தார். போனில் கூப்பிட்டேன்.

"மேடம், செல்வி தொட விடமாட்டேங்குது. நான் கிட்டக் கழட்டிட்டு சன்னலுக்குப் போய் மூஞ்சியக் காட்டிட்டு வாரேன்."

"சிஸ்டர், கழட்டுனா அந்தக் கிட்டு குப்பைதான். ஸ்டாக் ரொம்பக் கம்மி. பேசிச் சமாளிங்களேன்."

"பேசிப் பாத்தாச்சு மேடம். பேசப் பேசத்தான் ஆம்பளைன்னு நெனைக்குது."

அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. "சரி, கழட்டுங்க. இங்க முடியப்போகுது. புதுக் கிட்டோட நானும் அங்க வாரேன்."

அம்மாவிடம் சைகை காட்டினேன், மகளோடு பேசிக்கொண்டிருங்கள் என்று. பக்கத்து அறையில் முறைப்படி கழற்றி, கை கழுவி, புது மாஸ்க் போட்டுக்கொண்டு வராந்தாவைச் சுற்றி ஓடினேன். அம்மாவைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, கண்ணாடிக்கு நேராக நின்று மாஸ்க்கை இறக்கினேன். வியர்வையில் தலைமுடி ஒட்டி, பொட்டு கரைந்து மூக்கில் வழிந்திருந்தது. மூக்குத்தியும் தாலியும் மட்டும் ஒழுங்காக இருந்தன.

"அடி ஆத்தி!" என்று வாயைப் பொத்திக்கொண்டார் அம்மா. "ஏத்தா செல்வி, பொம்பளதான்டி! மூக்குத்தி போட்ருக்காக!"

உள்ளே செல்வி அழுதுகொண்டே சிரித்தாள். நான் என் பெயரைச் சொன்னேன். எனக்கும் இரண்டு பெண் பிள்ளைகள் என்றேன். "இப்ப உள்ள வருவேன். கேட்டுட்டுத்தான் தொடுவேன். அம்மா இந்தச் சன்னல விட்டுப் போகமாட்டாக. சரியா?"

தலையாட்டினாள். தானே போய்க் கட்டிலில் படுத்தாள்.

டாக்டரம்மாவும் என்னைப் பார்த்துவிட்டு அதே சன்னலில் முகம் காட்டி, பெயர் சொல்லி, அப்புறம்தான் கிட் போட்டார். டாப்ளரில் குழந்தையின் துடிப்பு நன்றாகக் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. அன்று மாலைக்குள் பெண் குழந்தை. வெளியே நின்றபடியே அம்மா "முக்குத்தா, முக்கு" என்று போட்ட சத்தத்தில் என் கரகரப்புக் குரல் எடுபடவே இல்லை. தாயையும் பிள்ளையையும் பிரிக்க வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். செல்வி மாஸ்க் போட்டுக்கொண்டே பால் கொடுத்தாள். அம்மா கண்ணாடி வழியாகப் பேத்தியைப் பார்த்து அழுததில் எனக்கும் அழுகை வந்தது. கிட்டுக்குள் கண்ணைத் துடைக்கவும் முடியாது.

மறுநாள் பாலவனத்தத்திலிருந்து இன்னொரு பெண் வந்தாள். அவளும் பயந்துபோய்ச் சுவரோரம் ஒட்டிக்கொண்டிருந்தாள். நான் முகம் காட்டலாம் என்று வராந்தா வழியாகப் போனபோது, பக்கத்துக் கட்டிலிலிருந்து செல்வி சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"பயப்படாதீங்கக்கா. இங்க மொதல்ல சன்னல்ல வந்து மூஞ்சியக் காட்டுவாக. பேரச் சொல்லுவாக. கேட்டுட்டுத்தான் தொடுவாக. அப்படிச் செய்யலைன்னா நீங்க விடாதீக."

ஏதோ நான் இரக்கப்பட்டுச் செய்த காரியம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். செல்வியோ அதை ஆஸ்பத்திரியின் வழக்கம் என்றே எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் நினைத்ததுதான் சரி. எவ்வளவு அவசரமானாலும், எந்த நோய் ஊரை மிரட்டினாலும், தன்னைத் தொடப்போவது யார் என்று தெரிந்துகொள்ளும் உரிமை அந்தக் கட்டிலில் இருப்பவளுக்கு உண்டு.

சன்னலுக்கு நேராகப் போய் நின்று, மாஸ்க்கை இறக்கி, என் பெயரைச் சொன்னேன்.