விட்டுப் படித்த பாட்டு

மாமனார் இறந்த பின் பதினாறு நாளும் மாலையில் அந்தப் பழைய பாட்டுகளைப் படித்தாக வேண்டும். உயிர் எமனூர் போகும் வழியையும், அங்கே யாருக்கு என்ன தண்டனை என்பதையும் சொல்பவை. ஒரு வரி விடுபட்டாலும் உயிர் அந்த இடத்திலேயே நின்றுவிடும் என்பார்கள். வழக்கமாகப் படிப்பவருக்குக் கண் மங்கிவிட்டதால், பத்தாவது வரை படித்த மருமகளான நான் கைப்பிள்ளையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். கொல்லை வேலிக்கு அப்பால் பண்ணையாட்கள் தரையில் அமர்ந்து கேட்டார்கள்.

ஒன்பதாம் நாள் அந்தப் பாட்டு வந்தது. தாகத்தோடு வந்தவருக்குத் தண்ணீர் மறுத்தவர்கள் அங்கே நாக்கு வறண்டு நிற்பதைச் சொல்வது. முதல் வரியைக் கண்டதுமே என் கண் அடுத்த பாட்டுக்குத் தாவியது. வாயும் கூடவே போனது.

அந்த ஆண்டு சம்பா அறுவடையில் கூலி கூட்டிக் கேட்டு எங்கள் ஆட்கள் செங்கொடி நட்டு வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். புது ஆட்சி தங்கள் பக்கம் பேசும் என்று நம்பினார்கள். மாமனார் குடவாசல் பக்கமிருந்து அறுப்புக்கு வேறு ஆட்களை இறக்கினார். நம் கிணற்றுத் தண்ணீர் ஒரு சொட்டும் உள்ளூர் ஆட்களுக்குப் போகக்கூடாது என்று வீட்டில் சொல்லிவைத்தார். மாசி வெயிலில் அவர்களில் ஒருத்தி, காய்ச்சல் பிள்ளையைத் தோளில் சாய்த்தபடி கொல்லை வாசலுக்கு வந்து ஒரு கையைக் குழித்து நீட்டினாள். எங்கள் வீடுகளில் அவர்களுக்குக் குவளை தருவதில்லை, கையில்தான் ஊற்றுவோம். என்னிடம் சொம்பு நிறையத் தண்ணீர் இருந்தது. மாமனார் பார்க்கிறாரோ என்று திரும்பினேன். பிறகு கதவைச் சாத்தினேன்.

நான்கு நாளில் அந்தப் பிள்ளை போய்விட்டது. காய்ச்சல்தான் என்றார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனாலும் அன்று முதல் என் பெண்ணின் நெற்றியை மணிக்கொரு தரம் தொட்டுப் பார்த்தேன்.

போராட்டம் முடிந்து அந்தப் பிள்ளையின் தாயும் வேலைக்குத் திரும்பியிருந்தாள். பத்தாம் நாள் காலை வாழை இலைக்கட்டைக் கொண்டுவந்து இறக்கியவள், போகாமல் நின்றாள்.

"சின்னம்மா, நேத்து ஒரு பாட்டை விட்டுட்டீங்க."

எழுத்துத் தெரியாதவள். எத்தனை சாவு வீட்டு வேலிக்குப் பின்னால் கேட்டுக் கேட்டுப் பாடமாக்கினாளோ. பக்கம் தவறிப் புரண்டுவிட்டது என்றேன்.

"இன்னிக்கு அதையும் சேத்துப் படிச்சிடுங்க. இல்லாட்டி பெரியவரு அங்கயே நின்னுடுவாரு. தாகத்தோட நிக்கிறது ரொம்பக் கொடுமைங்க."

அவள் குத்திக் காட்டவில்லை என்றே நினைக்கிறேன். சில நாள், காட்டினாள் என்றும் தோன்றுகிறது.

மாலையில் படித்தேன். பாதியில் குரல் உடைந்தது. மாமனாரை நினைத்து அழுகிறேன் என்று மாமியார் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

முடிந்ததும் சொம்பில் தண்ணீரும், முதல்முறையாக ஒரு குவளையும் எடுத்துக்கொண்டு வேலிக்குப் போனேன். அவள் எழுந்து முந்தானையை உதறிக்கொண்டிருந்தாள். குவளையைப் பார்த்தாள்.

"இப்பத் தாகமில்லீங்க," என்றாள்.