அவள் என்ன சாப்பிடுவாள்?

சிதம்பரத்தில் அந்தக் கூடத்தின் நடுவே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை எதிரெதிரே போட்டிருந்தார்கள். போதகர்களுக்கான பயிற்சி முகாம் அது. பிரசங்கத்தைச் சுருக்கமாகச் சொல்வது எப்படி என்பது காலையிலேயே முடிந்திருந்தது. மதியம், துக்க வீட்டில் ஆறுதல் சொல்லும் பயிற்சி. முகாமை நடத்தியவர் என்னைப் போதகராகவே இருக்கச் சொன்னார். திட்டக்குடி சபையின் போதகரை எதிரே உட்கார வைத்து, "இவரு பிள்ளையப் பறிகுடுத்த தகப்பன். ஆரம்பிங்க" என்றார்.

அவரை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். குரலைத் தாழ்த்தி, பிள்ளை ஆண்டவரிடம் பத்திரமாக இருக்கிறது என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்தார். "அவளுக்கு இருட்டுன்னா பயம் பாஸ்டர். அங்க யாரு அவ பக்கத்துல படுத்துக்குவாங்க?" என்றார். நன்றாக நடிக்கிறார் என்று நினைத்து யாரோ கை தட்டினார்கள். அவர் எழுந்து வெளியே போனபோதுதான் அது நடிப்பில்லை என்று எனக்குப் புரிந்தது.

சாயங்காலம் பேருந்து நிலையத்து டீக்கடையில் சொன்னார். மகளுக்குக் காய்ச்சல் கண்டு, இதே சிதம்பரத்துக்குத் தூக்கி வந்தும் பிழைக்கவில்லை. "வசனம் வாசிச்சிர்றேன். அப்பறம் வார்த்தையே வரமாட்டேங்குது. சபையில வேற ஆள் கேக்குறாங்க. மறுபடியும் கத்துக்கலாம்னுதான் வந்தேன்."

அவரால் கற்றுக்கொள்ள முடியவில்லை. அந்தப் பிரசங்க பீடம் கைவிட்டுப் போனது. மருத்துவமனை நோயாளிகளைச் சந்திக்கும் ஊழியத்துக்குச் சிதம்பரத்துக்கே மாற்றினார்கள். மகள் இறந்த ஊரிலேயே வேலை. கடலூர்ப் பக்கம் வரும்போது முதுநகரில் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போவார். நான் சபை விஷயம் பேசுவேன். என் மனைவி பரிமாறியபடி அவரிடம் ஏதாவது கேட்டுக்கொண்டிருப்பாள். நான் காதில் வாங்கியதில்லை.

ஒரு கோடையில் என் மனைவி இறந்தாள். அடக்க ஆராதனைக்குப் பேர்பெற்ற பிரசங்கிகள் வந்திருந்தார்கள். நான் அவரைப் பேசச் சொன்னேன். மைக்கைப் பிடித்தவர் வேதப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. எனக்கே பயமாகிவிட்டது.

"எம்பொண்ணு எப்படி செத்தான்னு எல்லாரும் கேட்டாங்க," என்றார். "இந்த அம்மா ஒருத்தங்கதான் அவ என்ன சாப்புடுவான்னு கேட்டாங்க. சக்கர போட்ட சேமியான்னேன். அடுத்த தடவ வந்தப்ப அதையே செஞ்சு வெச்சிருந்தாங்க. அன்னிக்கி நான் அழுதேன். அவுங்க இன்னும் கொஞ்சம் போட்டாங்க."

அவ்வளவுதான். இறங்கிப் போய் உட்கார்ந்துவிட்டார். அதுவரை அழாமலிருந்த நான் அப்போதுதான் அழுதேன்.

இப்போது துக்க வீடுகளுக்குப் போனால் நான் முதலில் பேசுவதில்லை. இறந்துபோனவருக்கு என்ன பிடிக்கும் என்று கேட்கிறேன். போன வாரம் தேவனாம்பட்டினத்தில் ஒரு பெண், தன் கணவர் பழைய சோற்றுக்கு என்னென்ன தொட்டுக்கொள்வார் என்பதைச் சொல்லத் தொடங்கி நிறுத்தவே இல்லை. கேட்டுவிட்டு வீடு திரும்பினேன். என் மனைவியைப் பற்றி என்னிடம் அப்படிக் கேட்கக்கூடியவர் அந்தச் சிதம்பரத்து நண்பர் மட்டும்தான். சென்ற மழைக்காலத்தில் அவரும் போய்விட்டார்.