கிரைண்டர் அக்காவின் ஐந்தாம் மூலை

கோடு போட்ட தாளில் பென்சிலால் வரைந்த ஒரு படம். நான்கு பக்கம் இருக்க வேண்டிய அறைக்கு அதில் ஐந்து பக்கம் இருந்தது. மூன்று மூலைகளில் 'செ' என்றும் இரண்டு மூலைகளில் 'வி' என்றும் எழுதியிருந்தது. செங்கோணம், விரிகோணம். படத்துக்குக் கீழே 'கிரைண்டர் அக்கா வீடு' என்று குண்டு குண்டான எழுத்து. அந்தத் தாளை என் மேசைமேல் வைத்து, காற்றில் பறந்துவிடும் என்பதுபோல உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு, "இத யாருக்குக் குடுக்கதுக்கு வரையச் சொன்னிய டீச்சர்?" என்று கேட்டார் ஒரு பெண். அவருடைய மணிக்கட்டில் அரிசிமாவு காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. கிரைண்டர் அக்காவை நான் முதன்முதலாகப் பார்த்தது அப்படித்தான்.

மும்பை தாராவியில் ஒரு தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு நான் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். கோணங்கள் பாடம். புத்தகத்தில் இருக்கும் அறைகள் எல்லாம் செவ்வகம்; எல்லா மூலையும் செங்கோணம். கோணமானி இல்லாத பிள்ளைகள் வகுப்பில் பாதிக்கு மேல் இருந்ததால், ஒரு பழைய செய்தித்தாளை எடுத்து எப்படியாவது ஒரு தடவை மடிக்கச் சொன்னேன். மடித்த விளிம்பு அதன்மேலேயே படியும்படி இன்னொரு தடவை மடித்தால் கிடைக்கும் முனை சரியான செங்கோணம். அதை வீட்டு மூலையில் வைத்துப் பாருங்கள் என்றேன். ஒட்டி உட்கார்ந்தால் செங்கோணம். முனை உள்ளே போக மறுத்தால் குறுங்கோணம். ஓரத்தில் இடைவெளி தெரிந்தால் விரிகோணம். தரையின் வடிவத்தை வரைந்து, கண்ணில் பட்டதை எல்லாம் குறித்துக்கொண்டு திங்கட்கிழமை வாருங்கள். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே தாளை மடித்தது இன்னும் காதில் கேட்கிறது. ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு பாடம் வகுப்பைவிட்டு வெளியே போகிறது என்று எனக்கு மகிழ்ச்சி.

எந்த நேரத்தில் அப்படிச் செய்தேன் என்பதை நான் யோசிக்கவில்லை. வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்கள், அதற்கு முன்னால் ஒவ்வொரு வீட்டையும் அளப்பார்கள் என்று எங்கும் பேச்சாக இருந்த மாதங்கள் அவை. சில கல்லிகளில், அதாவது அங்கத்திச் சந்துகளில், கதவுக்குப் பக்கத்தில் பெயின்டால் எண் எழுதத் தொடங்கியிருந்தார்கள். கீழே இருப்பவர்களுக்கு ஒரு விதி, ஏணி வைத்து மேலே இருப்பவர்களுக்கு வேறு விதி என்றார்கள். யாருக்கு இங்கேயே வீடு, யாரை எங்கேயோ தூரத்தில் கொண்டுபோய் விடுவார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. தெரியாததால் எல்லாரும் எல்லாரையும் பார்த்தார்கள். புதிதாக ஒருவன் கல்லிக்குள் நின்று போனில் பேசினால்கூட இரண்டு பேர் வாசலுக்கு வந்து நிற்பார்கள். நான் செம்பூரிலிருந்து பஸ்ஸில் வந்து, பள்ளியில் இறங்கி, மாலையில் அதே பஸ்ஸில் திரும்புகிறவள். பள்ளிச் சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பதைப் பிள்ளைகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

முதல் பெஞ்சில் உட்காரும் பெண் சொன்னதைவிட அதிகம் செய்கிற ரகம். அவள் தன் வீட்டோடு நிறுத்தாமல், மடித்த தாளை எடுத்துக்கொண்டு தன் கல்லியில் பதினொரு வீடுகளுக்குள் போய்வந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் கிரைண்டர் அக்கா குளித்துவிட்டு வந்து பார்த்தபோது, தன் அறையின் மூலையில் ஒரு பிள்ளை மண்டியிட்டுச் சுவரோடு தாளை வைத்து அழுத்திக்கொண்டிருந்ததாம். மறுநாள் காலை முதல் மணி அடிப்பதற்கு முன்பே அவர் அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு, இன்னும் இரண்டு பெண்களோடு ஆசிரியர் அறைக்கு வந்துவிட்டார்.

"கோணம் பாக்கறதுக்குத்தாங்க. பாடம் அது," என்றேன்.

"என் வீடு கோணலா இருக்கா நேரா இருக்கான்னு ஒங்களுக்கு எதுக்கு?"

"கோணல் இல்லக்கா, கோணம். ரெண்டு சுவர் சேர்ற இடத்துல..."

"சுவர் எங்க சேருதுன்னு எனக்குத் தெரியும். நான் வச்ச சுவர் அது." அவர் குரலை உயர்த்தவே இல்லை. "நீங்க எங்க இருக்கிய?"

"செம்பூர்ல."

"பில்டிங்கா?"

"ஆமா."

"ஒங்க வீட்டுக்குள்ள ஒருத்தன் பேப்பர மடிச்சுக்கிட்டு வந்து மூலை மூலையா வச்சுப் பாத்தா, பாடம் படிக்கான்னு சும்மா இருப்பியளா?"

எனக்கு எரிச்சல் வந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளையைப் போய் ஒற்றன் மாதிரி நினைக்கிறாரே என்று தோன்றியது. அந்தப் பெண் சுவரோரம் நின்று அழாமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் அதற்குள் என்னிடம் கொடுத்திருந்த எல்லாத் தாள்களையும் திருப்பிக் கொடுங்கள் என்று அக்கா கேட்டார். வீட்டுப்பாடம் வகுப்புக்குச் சொந்தம், மதிப்பெண் போட வேண்டும், தர முடியாது என்று நான் சொன்னேன். கடைசியில் தலைமை ஆசிரியை வந்து, சனிக்கிழமை டீச்சரே கல்லிக்கு வந்து எல்லாருக்கும் விளக்குவார் என்று சொல்லி அவர்களை அனுப்பிவைத்தார். போகும்போது அக்கா என்னைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த தாள்களைத்தான் பார்த்தார்.

சனிக்கிழமை போனேன். முதல் பெஞ்சுப் பெண்ணின் அம்மா கல்லி முனையில் காத்திருந்து கூட்டிப்போனார். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் வாசற்படியில் ஏறி நிற்க வேண்டிய அகலம். நடுவில் ஒரு திருப்பம். அந்த இடத்தில் மட்டும் வழி சற்று விரிந்திருந்தது. ஒரு வீட்டின் மூலை கூராக இல்லாமல் சாய்வாக வெட்டப்பட்டிருந்தது. அதுதான் கிரைண்டர் அக்கா வீடு. "அண்ணாச்சிக்கு நெஞ்சு வலி வந்தப்ப ஸ்ட்ரெச்சர் இந்த முக்குல திரும்பலை டீச்சர்," என்று அந்த அம்மா தாழ்ந்த குரலில் சொன்னார். அண்ணாச்சி என்றது அக்காவின் அடுத்த வீட்டுக்காரரை, சொந்தம் இல்லை. நாலு பேராகச் சேர்ந்து அவரைத் தூக்கித் திருப்பிக் கொண்டுபோவதற்குள் தாமதமாகிவிட்டது. அதற்குப் பிறகு அக்கா யாரிடமும் கேட்காமல் ஆள் வைத்துத் தன் வீட்டு மூலையை உடைத்து, சுவரைச் சாய்வாகக் கட்டிக்கொண்டார். அறைக்குள் ஒரு முக்கோணம் போனது. நான்கு மூலை ஐந்து மூலை ஆனது.

உள்ளே இரண்டு கிரைண்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. அக்கா என்னை உட்காரச் சொல்லவில்லை. வாசலில் கூடிய பெண்களிடம் மடித்த தாளைக் காட்டிச் செங்கோணம் என்றால் என்ன என்று நான் விளக்கினேன். சிலர் சிரித்தார்கள், ஒருவர் தானே வாங்கி வைத்துப் பார்த்தார். அக்கா மட்டும் அசையவில்லை. நான் முடித்த பிறகு, "அந்தப் புள்ள என்ன எழுதியிருக்குன்னு முழுசாப் படிச்சியளா?" என்று கேட்டார்.

"படிச்சேன்," என்றேன். பொய். கோணங்களைச் சரிபார்த்து டிக் போட்டிருந்தேன், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை படித்தேன். கண்ணில் பட்டதை எல்லாம் குறிக்கச் சொன்னது நான்தானே. கதவில் பெயின்டால் எழுதிய எண், உள்ளே எத்தனை பேர், எந்த வீட்டில் வெளியே ஏணி இருக்கிறது, எல்லாம் இருந்தது. ஒரு வீட்டுக்குக் கீழே இப்படி: 'மேலே வேறு குடும்பம். போன வருசம் வந்தார்கள். மேலே மூன்று மூலைதான் பார்த்தேன், ஒன்றில் கட்டில்.' நான் அந்த வரியின் பக்கத்தில் 'மிக நன்று' என்று எழுதி நட்சத்திரம் போட்டிருந்தேன்.

அடுத்த வாரம் பள்ளிக்கு ஒருவர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. அட்டை திரும்பிக்கொண்டு வெறும் வெள்ளைப் பக்கம் மட்டும் தெரிந்தது. நல்ல தமிழ் பேசினார். "பிள்ளைங்க அவங்கவங்க வீட்ட வரைஞ்சிருக்காங்களாமே மேடம். அருமையான ஐடியா. கண்காட்சி மாதிரி வைக்கலாம். ஒரு பார்வை பாக்கலாமா?" எந்த அலுவலகம் என்று கேட்டேன். கல்விக்காக வேலை செய்கிறோம் என்றார். அட்டையைத் திருப்பவில்லை. தலைமை ஆசிரியைக்கு ஆள் பிடித்துப்போயிற்று. எடுத்துக் கொடுங்களேன் என்பதுபோல என்னைப் பார்த்தார்.

"பிள்ளைங்க கிட்டயே திருப்பிக் கொடுத்துட்டேன் சார்," என்றேன்.

"எல்லாத்தையுமா?" என்று சிரித்தார்.

தாள்கள் அதே அறையில், அவருக்குப் பின்னால் இருந்த அலமாரியில் இருந்தன. சாவி என் கைப்பையில் இருந்தது. அவர் உண்மையிலேயே கண்காட்சி வைக்க வந்தவராகக்கூட இருக்கலாம். இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் நாற்பது பிள்ளைகள் போட்ட வீட்டுப்பாடம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. ஏனென்றால் பதில் எனக்குத் தெரியும்.

அக்கா வந்து சண்டை போட்டுப் போன அதே திங்கட்கிழமை மாலை, பஸ்ஸில் வரும்போது, கணக்கு, அறிவியல் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் மூன்று தாள்களின் படத்தைப் போட்டிருந்தேன். முதல் பெஞ்சுப் பெண் வரைந்த, ஏணி வைத்த வீட்டின் தாளும் அதில் ஒன்று. 'செங்கோணம் தேடப் போனால் சந்தேகம் கிடைக்கிறது, என்ன செய்வது?' என்று நகைச்சுவையாக ஒரு வரி வேறு. அறுபது பேருக்கு மேல் இருந்த குழு. நிறைய பேர் சிரிக்கும் முகம் போட்டிருந்தார்கள். வந்தவர் போனதும் மறுபடி திறந்து உறுப்பினர் பட்டியலைப் பார்த்தபோது பாதி எண்களுக்குப் பெயரே இல்லை.

அன்று பள்ளி விட்டதும் எல்லாத் தாள்களையும் பையில் போட்டுக்கொண்டு கல்லிக்குப் போனேன். அக்கா கிரைண்டரை நிறுத்தினார். அந்தச் சத்தம் நின்றபோது அறை சின்னதாகிவிட்ட மாதிரி இருந்தது. தாள்களைக் கொடுத்து, ஒருவர் வந்து கேட்டதைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"போன்ல ஃபோட்டோ புடிச்சியளா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவருக்குத் தெரியப்போவதில்லை. ஏற்கெனவே அந்த அறையில் ஒரு பொய் சொல்லியிருந்தேன். "புடிச்சேன். மூணு. குரூப்ல போட்டேன்," என்றேன்.

"எப்போ?"

"நீங்க வந்துட்டுப் போன அன்னைக்கு."

"நாங்க வந்து சொன்ன பொறவா?"

தலையசைத்தேன். அவர் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எந்த மூன்று என்று மட்டும் கேட்டார். சொன்னேன். ஏணி வைத்த வீட்டுத் தாளை எடுத்துத் நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"இத வேற யாருகிட்டயும் சொல்லிராதிய," என்றார். "தெரிஞ்சா ஒங்களுக்கு ஒண்ணும் ஆகாது. அந்தப் புள்ளையாலதான்னு சொல்லுவாவ. பொறவு அவ அம்மை இந்தக் கல்லில இருக்க முடியாது."

"சாரிக்கா."

"அத நான் என்ன செய்ய?" என்றவர், என் போனை எடுத்துப் படங்களை அழிக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்தார். அழித்த பிறகும், "இப்ப முழுசாப் போயிட்டா?" என்று கேட்டார். போய்விட்டது என்றேன். அவர் நம்பவில்லை. நானும் நம்பவில்லை.

அளப்பவர்கள் வந்தது அதற்குச் சில மாதங்கள் கழித்து. சுவரில் சிவப்புப் புள்ளி விழும் கருவியை வைத்து நொடியில் அளந்துவிட்டுப் போனார்களாம். அதற்கு முன்பே மேலே இருந்த குடும்பம் மான்குர்த் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டது. பயந்து போனார்களா, யாராவது வந்து ஏதாவது சொன்னார்களா, வேறு காரணமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. வெளியே ஏணி இருப்பது வழியில் போகிற எவருக்கும் தெரியும், ஒரு பிள்ளையின் படம் தேவையில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். சில நாள் அது போதுமாக இருக்கும். கல்லியில் யார் காட்டிக் கொடுத்தது என்று பேச்சு கிளம்பியபோது அக்கா, "ஏணிய மறைக்க முடியுமா?" என்று சொல்லி அடக்கிவிட்டதாக முதல் பெஞ்சுப் பெண்ணின் அம்மா என்னிடமே சொன்னார். சொல்லிவிட்டு, "நல்லவேளை, நீங்க அன்னைக்கு வந்து வெளக்குனிய டீச்சர்," என்றார்.

என் பங்குக்கு நானும் மாறிப்போனேன். என் பக்கத்தில் உட்காரும் அறிவியல் டீச்சரும் அதே குழுவில் இருந்தார். படங்களை வெளியே அனுப்பியது அவராக இருக்குமோ என்று ஒருநாள் தோன்றிவிட்டது. அதன்பிறகு மதியச் சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிட ஆரம்பித்தேன். பல வருடம் ஒரே டப்பாவில் கைபோட்டவர்கள். ஏன் என்று அவர் கேட்டபோது வயிறு சரியில்லை என்றேன். அவர் மாற்றலாகிப் போகும்வரை என் வயிறு சரியாகவில்லை.

அக்கா அதன்பிறகு எங்கள் பள்ளிக்கு வரவே இல்லை. அந்தக் கல்லி இன்னும் இடிபடவில்லை; எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. போன பொங்கலுக்கு முந்தின நாள் மாட்டுங்கா மார்க்கெட்டில் மஞ்சள் குலை வாங்கும்போது பக்கத்தில் ஒரு கை வந்து குலையைத் தூக்கிப் பார்த்தது. மணிக்கட்டைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவரும் என்னைப் பார்த்தார். முகம் மலரவும் இல்லை, சுருங்கவும் இல்லை. முதல் பெஞ்சுப் பெண் இப்போது நன்றாகப் படிக்கிறாள் என்றேன். தெரியும் என்றார். குலைக்குப் பணம் கொடுத்துவிட்டு நான் நகரப்போன நேரம், அவரே கேட்டார்.

"இப்ப என்ன பாடம் நடத்துதிய?"

"வட்டம்க்கா."

குலையின் வேரில் ஒட்டியிருந்த மண்ணை உதறிக்கொண்டே சற்று யோசித்தார்.

"வட்டத்துக்கு மூலை கெடையாதுல்ல?"

"கெடையாதுக்கா."

"அப்ப அதையே நடத்துங்க," என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போனார்.