கம்பிளிக்குள் ஒளிந்த ஓட்டக்காரன்

தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் எல்லாரும் கையை ஆட்டி என்னை உற்சாகப்படுத்துகிறார்கள் என்றுதான் நான் நம்பினேன். சிரிக்காதீர்கள், இன்னும் இருக்கிறது. அவர்களில் சிலர் சட்டென்று குனிந்து முக்காடு போட்டுக்கொண்டபோது, அரைக்கால் சட்டையில் என் தொடையைப் பார்த்து வெட்கப்படுகிறார்கள் என்றும் நம்பினேன்.

இது நடந்தது ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால், எழுபதுகளின் நடுப்பகுதியில், ஹல்துமுல்லையிலிருந்து அப்புத்தளைக்கு ஏறும் வழியில். அப்போது நான் பண்டாரவளையில் ஒரு புடைவைக் கடையில் விற்பனையாளன். வயது முப்பத்தாறு, வயிறு அதைவிடக் கொஞ்சம் மூத்தது. சித்திரைப் புத்தாண்டுக்கு அந்த மேட்டில் ஓட்டப் போட்டி வைக்கப்போவதாக அறிவித்தார்கள். “நீங்க ஓடுனா பின்னாலயே ஆம்புலன்ஸும் ஓடணுமே” என்று என் மனைவி சொன்னாள். அந்த ஒரே காரணத்துக்காகப் பெயர் கொடுத்தேன்.

கடை விடுமுறை நாட்களில் முதல் பஸ்ஸில் ஹல்துமுல்லைக்குப் போய் இறங்கி, அங்கிருந்து மேலே ஓடுவேன். ஓடுவேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஆனால் அந்தப் பாதை இருக்கிறதே! பங்குனி மாதத்தில் பனி விலகியதும், மலைகள் படிப்படியாக இறங்கிப் போய், கடைசியில் தெற்குக் கடல் மெல்லிய வெள்ளிக்கம்பி மாதிரி தெரியும். மலையில் பிறந்தவனுக்குக் கடல் என்றால் சும்மாவா? அது தெரிகிற இடமெல்லாம் கழுத்தைத் திருப்பிக்கொண்டே ஓடுவேன். மூச்சு வாங்க நிற்பதற்கும் கடல் நல்ல சாக்கு. பார்க்கிறவர்கள் இயற்கை ரசிகன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அன்றைக்கு வீதியின் பெரிய வளைவைத் தவிர்த்து, தேயிலைக்குள் போகும் குறுக்குப் பாதையில் ஏறினேன். அது பயிற்சியில் சேர்த்தியா என்று கேட்காதீர்கள். மேலே பெண்கள் நிரை பிடித்துக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். காற்று என் பக்கமிருந்து அவர்கள் பக்கம் வீசியதால் அவர்கள் கத்தியது ஒன்றும் என் காதுக்கு எட்டவில்லை. கைகள் ஆடுவது மட்டும் தெரிந்தது. நானும் பதிலுக்குக் கையை ஆட்டினேன். வயிற்றை உள்ளிழுத்து, நெஞ்சை நிமிர்த்தி, வேகத்தைக் கூட்டினேன். வாழ்க்கையில் நான் ஒழுங்காக ஓடியது அந்தக் கொஞ்ச தூரம்தான்.

நடந்தது என்னவென்றால், மேலே நிழல் மரத்தில் இருந்த குளவிக்கூட்டை ஒரு பருந்து கலைத்துவிட்டிருந்தது. குளவி கிளம்பினால் ஓடக்கூடாது. தேயிலைக்கு அடியில் படுத்து, தலையை மூடிக்கொண்டு, அசையாமல் கிடக்க வேண்டும். தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். “படுங்க, படுங்க” என்றுதான் அவர்கள் கையைக் கீழே கீழே காட்டியிருக்கிறார்கள். டவுன்காரனான நானோ குளவிகளை நோக்கியே பறந்துகொண்டிருந்தேன்.

செடிகளுக்குள்ளிருந்து ஒரு பெண் எழுந்து என்னிடம் ஓடி வந்தார். ஒரே தள்ளு. பாதையோரத் தண்ணீர்க் கானில் குப்புற விழுந்தேன். “அசையாதீங்கண்ணே!” என்ற குரலோடு, கொழுந்துக்காரர்கள் குளிருக்கும் மழைக்கும் போர்த்திக்கொள்ளும் கறுப்புக் கம்பிளி ஒன்று என் மேல் விழுந்தது. உள்ளே ஒரே இருட்டு. வெளியே லொறி மேடு ஏறுகிற மாதிரி இரைச்சல்.

அந்தக் கம்பிளிக்குள் நான் காட்டிய வீரத்தைச் சொல்லியே ஆக வேண்டும். கதிர்காமத்துக்கு நடந்தே வருவதாக முருகனிடம் வேண்டினேன். இரைச்சல் கூடியதும், குடும்பத்தோடு வருவதாக மாற்றினேன். தொடையில் ஏதோ குத்தியதும் “கொட்டிருச்சு, செத்தேன்!” என்று அலறினேன். அது தேயிலைக் குச்சி. “வாய மூடுங்கண்ணே, அதுங்க சத்தத்துக்கு வருது” என்று பக்கத்திலிருந்து அந்தப் பெண்ணின் குரல் மெதுவாக வந்தது. அதற்குப் பிறகு அந்தக் குரல் கேட்கவில்லை.

எல்லாம் அடங்கியபின் கம்பிளியை விலக்கியவர், கொழுந்து எடுப்பதை மேற்பார்க்கும் கங்காணி.

“யாருங்க ஒங்கள தொரத்துனது?”

“யாரும் தொரத்தலங்க. சும்மாதான் ஓடினேன்.”

“சும்மாவா? இந்த மேட்டுலயா?” அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

அதற்குள் பக்கத்தில் யாரோ அலறினார்கள். என்னைத் தள்ளிவிட்ட பெண் செடிக்கடியில் சுருண்டு கிடந்தார். முந்தானையால் முகத்தை மட்டும் சுற்றியிருந்தார். முதுகும் கைகளும் தடித்து வீங்கியிருந்தன. கண் செருகியிருந்தது.

“அடியே, ஒங் கம்பிளி எங்கடி?” என்று அவருடன் வேலை செய்யும் ஒருத்தி அழுதுகொண்டே உலுக்கினாள். அது என் காலடியில் கிடந்தது.

அந்தக் கம்பிளியையே ஒரு நீளக் கம்பில் தூளியாகக் கட்டி, அவரை அதில் வைத்தார்கள். முன்பக்கம் கங்காணி, பின்பக்கம் நான். தோட்டத்து மருந்துச் சாலை மேட்டின் உச்சியில் இருந்தது. நான் கடல் பக்கம் திரும்பவில்லை. மூச்சு வாங்க நிற்கவும் இல்லை. “புள்ள… புள்ளைக்குப் பால் குடுக்கணும்” என்று தூளிக்குள்ளிருந்து முனகல் வந்துகொண்டே இருந்தது. வேலை நேரத்தில் கைக்குழந்தைகளை விட்டுவைக்கும் பிள்ளைக்காம்பரா மருந்துச் சாலைக்குப் பக்கத்தில்தான். நாங்கள் போய்ச் சேரும்போதே ஒரு குழந்தை பசியில் கத்துவது கேட்டது. அது அவருடையது என்று கங்காணி சொன்னார்.

ஊசி போட்டார்கள். காத்திருந்தோம். அவருடைய புருஷன் வேலை செய்த இடத்திலிருந்து, கையில் தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு ஓடி வந்தார். கத்தியைப் பார்த்ததும் நான் ஜன்னல் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டேன். நடந்ததை யாரோ அவருக்குச் சொன்னார்கள். அவர் நேரே என்னிடம் வந்தார்.

“ஒங்களுக்கு எங்கயும் கொட்டலியேங்க?”

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

“அப்ப சரி” என்று கத்தியைச் சுவரில் சாய்த்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பின்னேரம் அந்தப் பெண் கண் திறந்தார். குழந்தையை மடியில் வைத்தார்கள். அதைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார். “இந்த அண்ணன் இன்னும் போகலியா? யாராச்சும் பஸ்ல ஏத்தி விடுங்க. திரும்ப ஓடிறப் போறாரு.” மருந்துச் சாலையே சிரித்தது. அழுதவன் நான் ஒருவன்தான்.

அந்தப் போட்டியில் நான் ஓடவில்லை. அடுத்த கிழமை மனைவியையும் கூட்டிக்கொண்டு, புதுக் கம்பிளி ஒன்றோடு அவர்கள் குடியிருந்த லயத்து வீட்டுக்குப் போனேன். இன்றுவரை தீபாவளிக்குத் தீபாவளி போகிறோம். குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்; என்னை ‘ஓட்ட மாமா’ என்று கூப்பிடுகிறாள்.

இந்தக் கதையைச் சொல்லி எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். ஆனால் முன்பின் பார்த்திராத ஒருவனுக்காக ஒரு மனுஷி எழுந்து ஓடி வந்த இடம் வரும்போது மட்டும் நான் சிரிப்பதில்லை. அவரிடம் இருந்தது ஒரே ஒரு கம்பிளி. என்னை ஒரு குளவிகூடக் கொட்டவில்லை.